3.75 இன்ச் மர செஸ் செட்: ஒரு வருஷத்துக்கு மேல ஆடிப் பாத்துட்டு எழுதுறேன்

மரச் சாமான்னா ஒரு மழையும் ஒரு வெயிலும் தாண்டணும் அப்பதான் அதோட குணம் தெரியும்னு எங்க அப்பா சொல்லுவாங்க, அதனாலதான் 2024 நவம்பர்ல வாங்குன செட்டுக்கு இப்ப வந்து எழுதுறேன், பெட்டிய பிரிச்ச அன்னைக்கே அஞ்சு ஸ்டார் போடுறதுல யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

வாங்குனது என்னன்னா, ராஜா உயரம் 3.75 இன்ச், கருப்புக் காய்க்கு பதிலா சீசம் மரத்துல பிரவுன் கலர் காய், வெள்ளைக்கு பாக்ஸ்வுட், எல்லாக் காய்க்கும் அடியில வெயிட் வெச்சு பச்சைத் துணி ஒட்டியிருக்கு, பக்கத்துக்கு ஒரு ராணி எக்ஸ்ட்ரா, ஆக மொத்தம் 34 காய். கூட 21 இன்ச் போர்டு, ஒரு கட்டம் 55 மில்லிமீட்டர். கூரியரோட 6,450 ரூபாய். அமிர்தசரஸ்ல செஞ்சது. நம்ம நாட்டுல மரத்துல செஸ் காய் கடையுற தொழில் பெரும்பாலும் அந்த ஊர்லதான், வெளிநாட்டுக்காரங்க டாலர் குடுத்து வாங்குற செட்டுகள்ல நிறைய அங்க இருந்து போறதுதான். வித்தவங்க பேரு இங்க எழுதல, ஏன்னா ஒரு குறையும் சொல்லப் போறேன், இதே மாதிரி செட்டு நாலஞ்சு பேர்கிட்ட கிடைக்குது, எத பாத்து வாங்கணும்னு தெரிஞ்சா போதும்.

எனக்கு 59 வயசு, பாளையங்கோட்டைல ஒரு எய்டட் ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க்கா இருக்கேன், வர்ற செப்டம்பர் 30 ரிட்டயர்மெண்ட். வேலைக்கு சேரும்போது 58 வயசுல போகணும்னுதான் இருந்துச்சு, 2020ல 59 ஆக்குனாங்க 2021ல 60 ஆக்குனாங்க, அதனால ரெண்டு வருஷம் கூட சம்பளம் வாங்குற பாக்கியம் கிடைச்சுது. இத ஏன் சொல்றேன்னா, விளையாட்டுச் சாமானுக்கு 6,450 ரூபாய்ங்கிறது என் கைக்கு சின்னத் தொகை இல்ல, ரிட்டயர்மெண்ட் கிட்ட வர்ற நேரத்துல வாங்கலாமா வேண்டாமானு ரொம்ப யோசிச்சுத்தான் வாங்குனேன், அதே யோசனைல இருக்கிறவங்களுக்கு இது உதவும்.

முதல்ல பணத்த எப்படி சேத்தேன்னு சொல்லிடுறேன். எங்க அம்மா தினமும் உலை வைக்கும்போது அளந்த அரிசியில இருந்து ஒரு கைப்பிடி எடுத்து தனிப் பானைல போட்டுட்டுதான் மிச்சத்த களைவாங்க, மாசக் கடைசில அந்தப் பானை அரிசி கோயிலுக்கு போகும், கைப்பிடி அரிசி காணிக்கைனு எங்க பக்கம் எல்லா சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ வீட்டுலயும் உண்டு. பஞ்சம் வந்த வருஷமும் அம்மா அத நிறுத்துனது இல்ல. எடுத்து வெச்சதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கிறதுதான் நம்ம சாப்பாடுங்கிற அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. சம்பளம் பேங்க்ல விழுந்த மறுநாள் பணம் எடுத்து கவர் கவரா பிரிச்சு வைப்பேன், முதல் கவர் தசமபாகம், அதாவது சம்பளத்துல பத்துல ஒரு பங்கு கோயிலுக்கு, அப்புறம் சபைச் சந்தா, பாலு, கரண்ட், எங்க வீட்டுக்காரங்க சுகர் மாத்திரை, கோயில்ல நடக்குற ஸ்தோத்திரப் பண்டிகைக்கு மாசாமாசம் கொஞ்சம், இப்படி போகும். ஜிபே காலத்துல கவரானு என் மகள் கேப்பா, ஆனா கவர் காலியாகுறத கண்ணால பாத்தாத்தான் எனக்கு கை நிக்கும்.

2022ல மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் நடந்துச்சுல்ல, ஜூலை 28ல இருந்து ஆகஸ்ட் 10 வரைக்கும், அப்ப எங்க ஸ்கூல்லயும் பிள்ளைங்களுக்கு செஸ் போட்டி வெச்சாங்க, ஒலிம்பியாட் சின்னமான தம்பிங்கிற வேட்டி கட்டுன குதிரை படம் எல்லாச் சுவத்துலயும் இருந்துச்சு. நான் பேரு எழுதிக்கிட்டே பிள்ளைங்க ஆடுறத பாத்துட்டு நின்னேன், சின்ன வயசுல அப்பாகூட ஆடுனது எல்லாம் திரும்ப வந்துடுச்சு. அந்த செப்டம்பர்ல புதுசா ஒரு கவர் போட்டு மேல செஸ்னு எழுதுனேன். மாசம் 250 ரூபாய், 26 மாசம், 2024 அக்டோபர்ல 6,500 ஆச்சு. நடுவுல ஒரு தடவகூட அதுல கை வைக்கல. ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தங்கச்சி ஒருத்தி, அக்கா நோ காஸ்ட் இ.எம்.ஐ.ல இன்னைக்கே வாங்கலாமேனு சொன்னா, ஆனா வட்டி இல்லனு போட்டாலும் பல பேங்க்ல ப்ராசஸிங் ஃபீஸ் வாங்குவாங்க, வட்டிக்கு உண்டான ஜி.எஸ்.டி. நம்ம தலைலதான் விழும், அதுவும் போக கடன்ல வாங்குன போர்டு முன்னாடி உக்காந்தா எனக்கு ஆட்டத்துல மனசு நிக்காது.

சரி செட்டுக்கு வரேன்.

எங்க அப்பா உபதேசியாரா, அதாவது ஊர்ச் சபைய கவனிச்சுக்கிறவங்களா இருந்தாங்க, சாத்தான்குளம் பக்கம் ஒரு சின்ன ஊரு. அங்க ஆசாரி ஒருத்தர் பூவரச மரத்துல கடைஞ்சு குடுத்த காய்லதான் நான் ஆடப் படிச்சேன், ஒரு சிப்பாய் தொலைஞ்சு போயி அதுக்கு பதிலா புளியங்கொட்டை வெச்சு ஆடுவோம். அப்பா முதல்ல ஆடுனது நாட்டு ஆட்டம், சிப்பாய் எப்பவும் ஒரே கட்டம்தான் போகும், ராஜாவுக்கு ஒரு தடவ குதிரை மாதிரி தாவ அனுமதி உண்டு. அப்புறம் மானுவேல் ஆரோன் 1961ல இந்தியாவோட முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவரு, அவர பத்தி பேப்பர்ல படிச்சு படிச்சுதான் அப்பா இன்டர்நேஷனல் ரூலுக்கு மாறுனாங்க. உலக சாம்பியனா இருந்த மாக்ஸ் யூவையே ஜெயிச்சவரு நம்ம தமிழ்க்காரருனு சொல்லும்போது அப்பா முகம் மலர்ந்துடும். அந்த பூவரசக் காய் எல்லாம் வீடு மாறும்போது போயிடுச்சு. அதுல இருந்து மரக்காய் மேல ஒரு ஏக்கம் உள்ள இருந்துட்டே இருந்துச்சு, போன்ல எத்தன ஆட்டம் ஆடுனாலும் அது தீரல.

இதுக்கு முன்னாடி என்கிட்ட இருந்தது சுருட்டி வைக்கிற ரெக்சின் போர்டும் பிளாஸ்டிக் காயும், எட்டு வருஷத்துக்கு முன்னாடி 800 ரூபாய்க்கு வாங்குனது. அதுல ஒரு குறையும் இல்ல, டோர்னமெண்ட்ல பிள்ளைங்க ஆடுறதும் அதேதான், கீழ போட்டாலும் உடையாது தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. பிள்ளைங்களுக்கு வாங்குறவங்க இந்த ரிவ்யூவ இதோட நிறுத்திட்டு அதையே வாங்குங்க. பிள்ளைங்க ஆடப் படிக்கிறதுக்கு மர செட்டு தேவை இல்ல, இது வீட்டுல ஒரு இடத்துல நிரந்தரமா விரிச்சு வெச்சு தினமும் உக்காருறவங்களுக்கு உள்ளது.

அளவு சரியா இருக்கானு ஸ்கேல் வெச்சுப் பாத்தேன். உலக செஸ் அமைப்பான ஃபிடே சொல்ற அளவு ராஜா 9.5 செ.மீ., ராணி 8.5, பிஷப் 7, குதிரை 6, யானை 5.5, சிப்பாய் 5, கட்டம் 5ல இருந்து 6 செ.மீ.க்குள்ள. ராஜாவோட அடி அகலம் அதோட உயரத்துல 40ல இருந்து 50 சதவீதம் இருக்கணும். எனக்கு வந்த ராஜா அடி 4.2 செ.மீ., அப்ப சரியாத்தான் வருது. இன்னொரு எளிய வழி, ஒரே கட்டத்துல நாலு சிப்பாய வெச்சுப் பாருங்க, நெருக்கமா உக்காந்தா போர்டும் காயும் பொருந்துதுனு அர்த்தம், ஒண்ணு வெளிய பிதுங்குனா கட்டம் சின்னது, நாலையும் வெச்சு இடம் நிறைய மிஞ்சுனா காய் சின்னது. நிறைய பேர் காய் ஒரு இடத்துலயும் போர்டு ஒரு இடத்துலயும் வாங்கிட்டு அப்புறம் கஷ்டப்படுறாங்க. 3.75 இன்ச் ராஜாவுக்கு 55 மில்லிமீட்டர் கட்டம், இத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

வெயிட்டு ரொம்ப திருப்தி. சமையக்கட்டு தராசுல நிறுத்துப் பாத்தேன், ராஜா 55 கிராம், மொத்தக் காயும் சேத்து 1 கிலோ 200 கிராம். ஃபேன் காத்துக்கு அசையாது, கை பட்டா சாய்ஞ்சுட்டு தானா நிமிந்துக்கும், காய எடுத்து வெச்சா டொக்குனு இல்லாம மெத்துனு ஒரு சத்தம். எனக்கு விரல் மூட்டுல கொஞ்சம் வலி உண்டு, சின்னக் காய்னா பிடிக்க கஷ்டமா இருக்கும், இதுல கழுத்துப் பக்கம் பிடி நல்லா வாகா இருக்கு, என் வயசுக்காரங்களுக்கு இது பெரிய விஷயம்.

குதிரைய பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்லணும். மத்த காய் எல்லாம் கடைசல் மிஷின்ல கடைஞ்சுடலாம், குதிரைத் தலை மட்டும் கையால செதுக்கணும், செட்டு விலைல பெரிய பங்கு குதிரைக்குத்தான் போகுது. அதனால ஆன்லைன்ல படம் பாக்கும்போது ராஜாவையும் ராணியையும் பாக்காதீங்க, குதிரைய பெருசு பண்ணிப் பாருங்க, பிடரி மயிரு ஒவ்வொரு கோடா தெரியுதா, கண்ணு, தாடை, வாய் பிளந்திருக்கிறது எல்லாம் தெளிவா இருக்கா, அங்க வேலை நல்லா இருந்தா மத்ததும் நல்லாத்தான் இருக்கும். எனக்கு வந்த நாலுல மூணு குதிரை அப்படி ஒரு அழகு, செதுக்குன கைக்கு மனசார ஸ்தோத்திரம் சொன்னேன். நாலாவது, ஒரு வெள்ளைக் குதிரைக்கு ஒரு காது நுனி உடைஞ்சு வந்துச்சு. வழியில உடையல, உடைஞ்ச இடத்து மேலயே பாலிஷ் போட்டிருந்துச்சு, அப்ப பாக் பண்ணும்போதே தெரிஞ்சிருக்கணும், அது எனக்கு வருத்தம்தான். வாட்ஸப்ல படம் அனுப்பினேன், நாலு நாளு பதிலே இல்ல. அஞ்சாம் நாள் போன் பண்ணி, 26 மாசம் சேத்து வாங்குனதுங்கய்யா, வேற குதிரை மட்டும் அனுப்பிடுங்கனு எனக்குத் தெரிஞ்ச இந்தியிலயும் இங்கிலீஷ்லயும் சொன்னேன். அந்தப் பக்கம் பேசுனவரு அதுக்கப்புறம் மரியாதையா வீடியோ கேட்டாரு, 11 நாள்ல புதுக் குதிரை வந்துச்சு, காசு எதுவும் வாங்கல. நிறம் மத்ததவிட லேசா மஞ்சள் கூட, ஒரு வருஷத்துல எல்லாமே பழுத்து இப்ப வித்தியாசம் அவ்வளவா தெரியல. பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்து வெச்சிருங்க, எனக்கு அதுதான் கை குடுத்துச்சு.

போர்டு விஷயத்துலதான் கவனமா இருக்கணும். டிசம்பர் மழையில ஒரு வாரம் வீடே ஈரமா இருந்துச்சு, ஒரு நாள் பாத்தா போர்டோட ஒரு மூலை ரெண்டு மூணு மில்லிமீட்டர் தூக்கிட்டு நிக்குது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. எங்க தெருவுல இருக்கிற ஆசாரி அண்ணாச்சி வந்து திருப்பிப் பாத்துட்டு, மேல மட்டும் பாலிஷ் அடிச்சு அடிப் பக்கத்த வெறும் மரமா விட்டுட்டாங்கம்மா, ஈரத்த ஒரு பக்கம் மட்டும் குடிச்சா பலகை வளையத்தான் செய்யும்னு சொன்னாரு. அவரு சொன்ன மாதிரி துணி விரிச்சு மேல 10 கிலோ அரிசிப் பைய அஞ்சு நாள் வெச்சேன், முக்கால்வாசி இறங்கிடுச்சு, அப்புறம் அடிப் பக்கமும் வார்னிஷ் அடிச்சுக் குடுத்தாரு, அதுக்கு 200 ரூபாய். அடுத்த மழைக்கு ஒண்ணும் ஆகல. அதனால ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி அடியிலயும் பாலிஷ் உண்டானு கேளுங்க, நம்ம ஊரு மாதிரி வெயிலும் அதிகம் மழை வந்தா ஈரமும் அதிகம்னு இருக்கிற இடத்துல இது முக்கியம். கருங்காலி செட்டு பாக்க கம்பீரமா இருக்கும், விலை ரெண்டு மூணு மடங்கு, ஆனா காத்து ஈரம் மாறி மாறி வந்தா வெடிப்பு விழ வாய்ப்பு அதிகம், எனக்கு காசு இருந்தாக்கூட அது வேண்டாம். சீசம் போதும். ரெண்டு சிப்பாய்ல பச்சைத் துணி எட்டாம் மாசம் பிரிஞ்சுச்சு, ஃபெவிக்கால் வெச்சு ஒட்டுனேன், நிக்குது. காய் போடுற பெட்டி சாதாரணம், அதுக்கு தனியா காசு குடுத்துறாதீங்க.

இனி இத வெச்சு என்ன ஆடுறேன்னு சொல்லணும், இல்லனா 6,450 ரூபாய் நியாயமானு உங்களுக்குப் புரியாது.

செட்டு வந்து ரெண்டு மூணு வாரத்துல சிங்கப்பூர்ல நம்ம குகேஷுக்கும் சீனாவோட டிங் லிரனுக்கும் உலக சாம்பியன்ஷிப் மேட்ச் தொடங்குச்சு. சாயங்காலம் ஸ்கூல்ல இருந்து வந்ததும் அன்னைக்கு ஆட்டத்த போன்ல பாத்து ஒவ்வொரு மூவா போர்டுல வெப்பேன். டிசம்பர் 12, 14வது ஆட்டம், வெளிய வானம் இருட்டிட்டு இருக்கு, போர்டுல யானையும் பிஷப்பும் ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு, குகேஷ் பக்கம் ஒரு சிப்பாய் கூட, எல்லாரும் டிராதான்னு பேசிட்டு இருக்காங்க. 55வது மூவுல டிங் யானைய எஃப்2ங்கிற கட்டத்துக்கு கொண்டு வந்தாரு. நானும் வெள்ளை யானைய அங்க வெச்சேன். வெச்சுட்டு போர்டையே பாத்தேன், யானைய வெட்டி, பிஷப்ப எதிர்ல நிறுத்தி அதையும் வெட்டிட்டா மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான், அப்ப அந்த ஒரு கூடுதல் சிப்பாயே ஜெயிச்சுக் குடுத்துடுமே. குகேஷ் முகம் மாறுறதும் எனக்குப் புரியுறதும் கிட்டத்தட்ட ஒண்ணா நடந்துச்சு. 18 வயசுப் பையன், 7.5க்கு 6.5. எங்க வீட்டுக்காரங்களுக்கு செஸ் தெரியாது, நான் கண்ண துடைக்கிறத பாத்துட்டு அவங்க காப்பி போட்டுக் கொண்டாந்து வெச்சாங்க. போன்ல மட்டும் பாத்திருந்தா அது எனக்கு இந்த அளவு மனசுல பதிஞ்சிருக்காது, கையால அந்த யானைய நகத்துனது இன்னும் விரல்ல இருக்கு.

மத்த நாள்ல பெங்களூருல இருக்கிற பேரன்கூட ஆட்டம். 9 வயசு. லிசெஸ்ங்கிற செஸ் வெப்சைட்ல ஒரு மூவுக்கு மூணு நாள்னு டைம் வெச்சு ஆடுறோம், அவன் ஸ்கூல் விட்டு வந்து ஒரு மூவ் வெப்பான், நான் அத ஹால்ல இருக்கிற போர்டுல வெச்சுட்டு ராத்திரி குடும்ப ஜெபம் முடிஞ்சதும் உக்காந்து யோசிப்பேன். லிசெஸ் பத்தியும் இங்கயே சொல்லிடுறேன், அது 2010ல பிரான்ஸ்ல ஒரு புரோகிராமர் தொடங்குனது, முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது, பசில் எத்தன வேணாலும் போடலாம், ஆடுன ஆட்டத்த ஸ்டாக்ஃபிஷ்ங்கிற செஸ் புரோகிராம் வெச்சு தப்பு எங்கனு பாக்கலாம், நன்கொடைலதான் ஓடுது. பென்ஷன்ல இருக்கப் போறவங்களுக்கு இதவிட நல்லது எதுவும் இல்ல. மாசச் சந்தா கட்டுற எந்த ஆப்பும் நான் வெச்சுக்கிறது இல்ல, ஒரு தடவ வாங்கி முப்பது வருஷம் இருக்கிற சாமானுக்கு காசு குடுக்கலாம், மாசாமாசம் அறுக்கிறதுக்கு வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை ஆட்டம் கிடையாது, அப்பா வீட்டுல இருந்து வந்த பழக்கம், அன்னைக்கு போர்டு மேல துணி போட்டு மூடிடுவேன். ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற லெந்து நாட்கள்ல போன்ல அவசர ஆட்டம் எதுவும் ஆடமாட்டேன், அந்த நாப்பது நாளும் கடைப் பலகாரமும் வாங்க மாட்டோம், அந்தக் காசு லெந்து காணிக்கைக் கவருக்கு போகும். ஒரு தடவ எங்க ஐயர், எங்க பக்கம் போதகர அப்படித்தான் சொல்லுவோம், வீட்டு ஜெபத்துக்கு வந்தப்போ போர்டப் பாத்துட்டு நின்னாரு, இதுல காசு வெச்சு யாரும் ஆடுறது இல்லையேனு மெதுவா கேட்டாரு, இல்லய்யா பேரன்கூடனு சொன்னேன், அப்ப ஒரு ஆட்டம் வைங்கனு உக்காந்துட்டாரு. நல்லாவே ஆடுறாரு, பிஷப் ரெண்டையும் விட்டுக் குடுக்கவே மாட்டாரு.

ரிட்டயர்மெண்ட் பணம் வரும்ல அப்ப வாங்கிக்கலாமேனு நிறைய பேர் நெனைப்பீங்க. நான் அதுக்கு நேர் எதிரா சொல்லுவேன். எனக்கு 2003க்கு முன்னாடி சேந்த பழைய பென்ஷன், அதுவே கடைசிச் சம்பளத்துல பாதிதான். கைக்கு வர்ற மொத்தப் பணத்துல 15 லட்சம் போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்துல போடலாம்னு இருக்கோம், கடைசியா கேட்டப்போ வட்டி 8.2 சதவீதம்னாங்க, அப்ப மூணு மாசத்துக்கு ஒருக்கா 30,750 ரூபாய் வரும், அதுதான் ரெண்டு பேருக்கும் மருந்து மாத்திரைக்கு. அந்த மொத்தப் பணத்த ஒரு தடவ ஆசைக்குனு உடைச்சா அப்புறம் அதுல இருந்து எடுக்க கை கூசாது. ஆசை இருக்கிறத சம்பளம் வரும்போதே கவர் போட்டு சேத்து வாங்கிடுங்க, வேலைல இருக்கிற கடைசி ரெண்டு வருஷம் அதுக்கு சரியான நேரம்.

யாருக்கு வேண்டாம்னும் சொல்லிடுறேன், வீட்டுல தவழுற பிள்ளை இருந்தா இப்ப வாங்காதீங்க, காயோட அடியில வெயிட்டு இருக்கு துணி பிரிஞ்சா வாயில போடும். நிரந்தரமா விரிச்சு வைக்க ஒரு சின்ன மேஜை இல்லனாலும் வேண்டாம், பெட்டில போட்டு பரண்ல வெச்சா இது வெறும் கட்டைதான்.

செஸ் கவர் காலியாச்சுனு தூக்கிப் போடல, மறுபடியும் மாசம் 250 போடுறேன், இந்தத் தடவ டிஜிட்டல் கிளாக்குக்கு. பேரன் மே லீவுக்கு வர்றதுக்குள்ள வாங்கணும். நல்ல கிளாக், எழுத்து பெருசாத் தெரியுறதா, 1,500 ரூபாய்க்குள்ள யாராவது வாங்கியிருந்தா சொல்லுங்க. கவர்ல இப்ப 1,250 இருக்கு.